இடது பக்கத்தில் நின்றவள்

மெர்ரிடேல் ஆலையில் துக்கத்துக்கு மூன்று அளவுகள் உண்டு. கட்டியவர், பெற்றவர், பெற்ற பிள்ளை செத்தால் மூன்று நாள். உடன்பிறந்தவர் செத்தால் ஒரு நாள். வேறு யார் செத்தாலும் துக்கம் கிடையாது, வேலைக்கு வந்துவிட வேண்டும். இந்த விவரம் பதினான்காம் எண் படிவத்தில் இருக்கிறது. படிவத்தின் தலையில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் படம். அதன் கீழே, 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.'

அதே வாசகம் ஆலை வாசலில் இருக்கிறது, சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது, கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் இருக்கிறது. கழிப்பறைக்குப் போய்வர ஏழு நிமிடம்தான் அனுமதி. வாசகம் சின்னதுதான், படிக்க நேரம் போதும்.

சுமை ஏற்றும் பிரிவில் இருந்த ஓடெலுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே அவன் அப்பன் வீட்டை விட்டு ஓடிப்போனவன். அவன் அரிசோனாவில் செத்துவிட்டதாகத் தகவல் வந்தபோது ஓடெலுக்கு ஐம்பது வயது. கம்பெனி மூன்று நாள் துக்கம் கொடுத்தது. ஓடெல் ஆற்றங்கரைக்குப் போய் மூன்று நாளும் மீன் பிடித்தான். "அந்த ஆளு எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான், வேணாம்னா சொல்ல முடியும்?" என்றான்.

துக்கத்தைப் போலவே புள்ளிகளும் உண்டு. தாமதமாக வந்தால் அரைப் புள்ளி. வராவிட்டால் ஒன்று. தகவல் சொல்லாமல் வராவிட்டால் இரண்டு. எட்டு சேர்ந்தால் வேலை போய்விடும். என்னிடம் ஏழு இருந்தது. அதில் நான்கு, என் மகள் ஷெல்பிக்குச் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். ஒன்று, ஒஹாயோ ஆற்றுப் பாலத்தில் பனி உறைந்து போலீஸே சாலையை மூடிய நாள். மற்ற இரண்டும் கிளம்ப மறுத்த என் காருடையவை.

நாங்கள் செய்வது உறையவைத்த வான்கோழிச் சாப்பாடு. நான்காவது வரிசையில் பதின்மூன்று பெண்கள். தட்டு நிமிடத்துக்கு அறுபது வரும். மார்வெல்லா பட்டாணி போடுவாள், லோரெய்ன் சோளம் போடுவாள், கிளென்னா பாக்ஸ் இறைச்சித் துண்டை வைப்பாள், நான் மசித்த உருளைக்கிழங்கை அப்புவேன், எனக்கு அடுத்து யெசேனியா கிரேவி ஊற்றுவாள். இருபத்திரண்டு வருடமாகக் கிளென்னா என் இடது பக்கம். அவள் முகத்தைவிட அவளுடைய வலது முழங்கையைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

பதினோரு வருடத்துக்கு முன், வீங்கிய கண்ணும் குப்பைப் பை நிறையத் துணியும் நான்கு வயது ஷெல்பியுமாக நான் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். யார் அடித்தது என்று கேட்கவில்லை. "அந்தக் கட்டில்ல துணி கெடக்கு, கீழ தள்ளிட்டுப் படுங்க" என்றாள். நான்கு வருடம் அங்கே இருந்தோம். ஷெல்பிக்கு இன்சுலின் ஊசி போட எனக்குத் துணிவு வராது, கிளென்னாதான் போடுவாள். பிறகு அதே தெருவில் ஒரு டிரெய்லர் வீடு காலியானதும் நாங்கள் மாறினோம். மாறிய பிறகும் என் வீட்டுக் குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது என்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

அவளுக்குக் கல்யாணம் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டாள். "எங்கம்மாவுக்கு நான் இருந்தேன், மூணு நாள் குடுத்தான். எனக்கு யாருடி இருக்கா? பாட்டு வேணாம், பூ வேணாம், மண்ணு தள்ளும்போது பக்கத்துல ஆள் நிக்கணும். நீ வந்து நில்லு."

"நிக்கறேன்."

"சத்தியமா?"

"அடச்சீ, சத்தியமாடி. இப்ப டின்னருக்கு என்ன பண்ணப் போறே, அதைச் சொல்லு."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலைக்கு வரவில்லை. மேற்பார்வையாளர் ட்வேன் காலைக் கூட்டத்தில் பட்டியல் வாசித்தான். "கிளென்னா பாக்ஸ், தகவல் இல்லை, ரெண்டு புள்ளி." இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவள் சொல்லாமல் நின்றதில்லை. போன் பெட்டியில் பூட்டியிருந்தது, வேலை முடியும்வரை தொடக் கூடாது. மாலை மூன்றரைக்கு வெளியே வந்து நேராக அவள் வீட்டுக்கு ஓடினேன். சீருடை போட்டு, காலில் ஒரு பூட்ஸும் மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரமாகச் சாய்ந்திருந்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. ஒன்பது மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறாள். அந்த ஒன்பது மணி நேரமும் நான் உருளைக்கிழங்கு அப்பிக்கொண்டிருந்தேன்.

முந்தின மாதமே அவளுக்கு நெஞ்சு வலி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் போனாள், இரண்டு புள்ளி வாங்கினாள், பிறகு போகவில்லை.

புதன்கிழமை காலை ட்வேன் மறுபடி வாசித்தான். "கிளென்னா பாக்ஸ், தகவல் இல்லை, ரெண்டு புள்ளி."

"ட்வேன், அவ செத்துட்டா. நேத்தே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியும், ட்ரீமா. ஆனா தகவலை ஊழியரேதான் சொல்லணும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. கம்ப்யூட்டர் வேற யார் சொன்னாலும் ஏத்துக்காது."

"செத்தவ எப்படிடா சொல்லுவா?"

"அதுக்குக் கட்டமே இல்லையே" என்றான் பாவமாக.

இடைவேளையில் மாடிக்குப் போனேன். எங்கள் ஆலையில் பணியாளர் அலுவலகம் என்று பெயர் கிடையாது, 'அரவணைப்பு மையம்' என்று பெயர். அங்கே ஆஷ்லின் ட்ராஸ்க் இருந்தாள். முப்பது வயதிருக்கும். மேஜையில் 'எழுக பெண்ணே' என்று எழுதிய கோப்பை. மாதம் ஒருநாள் மாடியில் இருக்கும் ஆறு பெண்களுக்கும் பெண்கள் முன்னேற்றக் காலைச் சிற்றுண்டி நடக்கும். கீழே இருக்கும் நாங்கள் அதற்குப் பழத்தட்டு அடுக்கிக் கொடுப்போம்.

"மேடம், சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். எனக்கு அன்னைக்கு மட்டும் லீவு வேணும்."

"ஐயோ, மேடம் எல்லாம் வேணாம், ஆஷ்லின்னே கூப்பிடுங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. சனிக்கிழமை கட்டாய விருப்பப் பணியாச்சே. சரி, இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என் இடது பக்கத்துல நின்னாங்க."

ஆஷ்லின் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது உறவு இல்லையே, ட்ரீமா. அது இடம்."

"இருபத்திரண்டு வருஷமா நின்னாங்க."

"நீண்ட காலம் ஒரே இடம்" என்று அன்பாகத் தலையாட்டினாள். "நானும் ஒரு பெண்தான், எனக்குப் புரியுது. ஆனா படிவத்துக்குப் புரியணுமில்ல? பத்திரிகைல மரண அறிவிப்பு வரும். அதுல 'இவரை இழந்து வாடுவோர்'னு ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்ல உங்க பேர் உறவோட இருந்தா, வெட்டி இதோட இணைச்சுக் குடுங்க. அவ்வளவுதான், ரொம்பச் சுலபம்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்த அறிவிப்பை யார் எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மாடியில் இருப்பவர்கள் வீட்டுச் சாவுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுப்பார்களோ என்னவோ. எங்கள் ஊரில் நாங்களேதான் எழுதுவோம்.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில், சோற்றுக்கான அரை மணி நேரத்தில், ஒரு காகிதத் துண்டின் பின்பக்கத்தில் கிளென்னாவின் குடும்பம் உருவானது.

"எனக்கு அறுபது ஆகுது. நான்தான் அம்மா" என்றாள் மார்வெல்லா.

"அவளுக்கே ஐம்பத்தெட்டு, மார்வெல்லா" என்றேன்.

"சின்ன வயசுல பெத்தேன். உனக்கென்னடி?"

லோரெய்ன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கிளென்னாவோடு பதினெட்டு வருடமாகச் சண்டை போட்டவள். "என்னை நாத்தனார்னு போடுங்க. நாங்க போட்ட சண்டைக்கு வேற எந்த உறவும் பொருந்தாது."

"அவளுக்குக் கல்யாணமே ஆகலடி, நாத்தனார் எங்கேருந்து வருவா? அதோட நாத்தனாருக்கு லீவும் கிடையாது."

"அப்ப சகோதரின்னே போட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு லோரெய்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் எல்லோரும் சாப்பாட்டைப் பார்த்தோம்.

மற்ற ஒன்பது பேரும் சகோதரிகளானார்கள். எழுதிக்கொண்டிருந்த யெசேனியா பேனாவை நிறுத்தினாள். "ட்ரீமா, நீ என்ன?"

நான் யோசித்தேன். தோழி என்றால் துக்கம் கிடையாது. எந்த உறவை எழுதினாலும், அளவு தப்பிய சட்டை மாதிரி ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் தொளதொளத்தது. "சகோதரின்னு போடு. ஒரு நாள் போதும்" என்றேன்.

அடக்கத்துக்கான ஏற்பாட்டைக் கிளென்னா முன்பே செய்துவைத்திருந்தாள். அதைக் கவனித்த சவ அடக்கக் கடைக்காரரிடம் மாலையில் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "பெரிய குடும்பம்" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை பத்திரிகையில் வந்தது. பன்னிரண்டு பேரும் அதை வெட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக நின்றோம்.

அதே வியாழக்கிழமை கிளென்னாவுக்கு எட்டாவது புள்ளி விழுந்தது. அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக அவள் வீட்டு முகவரிக்குக் கடிதம் போயிற்று.

மதியம் எங்கள் பன்னிரண்டு பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆலைத் தலைவர் கார்சன் வைட்லி நேரில் வந்திருந்தார். அவர் கையில் எங்கள் பத்திரிகைத் துண்டு.

"முதல்ல ஒரு நல்ல செய்தி" என்று தொடங்கினார். "கிளென்னா பாக்ஸோட எட்டுப் புள்ளியையும் நிர்வாகம் மன்னிச்சிடுச்சு. அவங்க எப்ப வேணா நல்ல பேரோட திரும்பி வரலாம். அதாவது, வந்திருக்கலாம்." ஆஷ்லின் மெதுவாகக் கை தட்டினாள்.

"இப்ப இந்தப் பட்டியல். ஒரு தாய். பதினோரு சகோதரிகள். இதுல மூணு பேர் மெக்சிகோல பிறந்தவங்க. ரெண்டு பேர் கறுப்பினத்தவங்க. தாய், மகளைவிட ரெண்டு வயசுதான் மூத்தவங்க. மருத்துவ ரீதியா இது எங்களுக்குக் கவலையா இருக்கு."

"நீங்கதானே சார் வாசல்ல ஒரே குடும்பம்னு எழுதியிருக்கீங்க?" என்றாள் மார்வெல்லா.

"நிச்சயமா. நாம ஒரே குடும்பம்தான்" என்று வைட்லி நெஞ்சில் கை வைத்தார். "ஆனா அது ஒரு உணர்வு. லீவு இல்ல. குடும்பத்துல ஒருத்தர் செத்தா எல்லாரும் அடக்கத்துக்குப் போயிட்டா, சாப்பாடு யார் பண்றது? எங்கப்பா அடக்கத்துக்கு நானே போகலை. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல போன்ல கேட்டேன். பாதிரியார் நல்லாப் பேசினார்னு சொன்னாங்க, எனக்கு லைன் சரியில்ல." ஏதோ ஞாபகம் வந்ததுபோல் இருந்தது. பிறகு கையேட்டைத் திறந்தார். "சரி. நீங்க நிஜமாவே சகோதரிகள்னு வச்சுக்குவோம். பக்கம் நாற்பத்தொண்ணு: நெருங்கிய உறவினர் ஒரே வரிசைல வேலை பார்க்கக் கூடாது. அப்படின்னா பன்னிரண்டு பேரையும் திங்கக்கிழமையோட நீக்கணும். இல்ல, இந்த அறிவிப்பு தப்புன்னா, தப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க. முடிவு உங்க கையில. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல."

வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தியாக மாடிக்குப் போனோம். தாளில் ஒரே வரிதான். 'கிளென்னா பாக்ஸ் என்பவர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' மார்வெல்லா கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்து, குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். யெசேனியா என்னைப் பார்க்காமல் போனாள். லோரெய்ன் தாளைக் கிழித்துவிட்டாளாம். ஆஷ்லின் வேறொரு தாள் எடுத்துக் கொடுத்தாளாம். அதில் போட்டாள்.

நான் கடைசியாகப் போனேன். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால் இன்சுலின் குப்பிகள் வரிசையாக இருக்கும். என் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் கூடவே போய்விடும். கிளென்னா இருந்திருந்தால் மேஜைக்கு அடியில் என் காலை எட்டி உதைத்து, "போட்டுத் தொலைடி லூசு, ஷெல்பியை நினைச்சுப் பாரு" என்றிருப்பாள். அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அதனால்தான் போட முடிந்தது. அதனால்தான் இன்றுவரை நெஞ்சு ஆறவும் இல்லை.

"ரொம்பத் துணிச்சலான முடிவு" என்றாள் ஆஷ்லின். "கம்பெனி சார்பா ஒரு சின்ன ஆறுதல்." ஒரு வான்கோழிச் சாப்பாட்டுக்கான சீட்டைக் கொடுத்தாள். வீட்டுக்கு ஒன்று.

சனிக்கிழமை பத்திரிகையில் திருத்தம் வந்தது. 'கிளென்னா பாக்ஸ் (58) மரண அறிவிப்பில் குறிப்பிட்ட பன்னிரண்டு பேரும் அவருக்கு உறவினர் அல்லர். மறைந்தவருக்கு உறவினர் என்று எவரும் இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்.' சவ அடக்கக் கடைக்காரர் விடியுமுன்பே எனக்குப் போன் செய்து, அறிவிப்பைப் பார்த்து வந்த பூக்களை என்ன செய்வது என்று கேட்டார்.

காலை ஆறரைக்கு வரிசையில் நின்றோம். கிளென்னாவின் இடத்தில் தற்காலிக வேலைக்கு வந்த ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும். இறைச்சித் துண்டை நல்ல அழகாகவே வைத்தாள். எனக்கு அந்த முழங்கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரில் சவ ஊர்வலம் போனால் சாலையில் எதிரே வரும் வண்டியும் ஓரம்கட்டி நின்றுவிடும். நிலக்கரி லாரியானாலும் நிற்கும், அவசரமாகப் போகிறவனும் நிற்பான். செத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை, கடைசி வண்டி கடக்கும்வரை நகர்வதில்லை. கல்லறைக் குன்றுக்குப் போகிற சாலை எங்கள் ஆலையை ஒட்டித்தான் போகிறது. ஆலைக்கு ஜன்னல் கிடையாது, கடிகாரம் உண்டு.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மார்வெல்லா பட்டாணிக் கரண்டியைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்து லோரெய்ன். நான். யெசேனியா. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தற்காலிகப் பெண் எங்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எங்கள் ஊர்ப் பெண்தானே, அவளும் இறைச்சியைக் கீழே வைத்தாள்.

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுமில்லாத தட்டுகள். மூடும் இயந்திரம் ஒவ்வொன்றையும் பொறுப்பாக மூடி அனுப்பியது. ட்வேன் கத்திக்கொண்டே ஓடி வந்தான். "ஏய், என்ன பண்றீங்க..." பாதியில் அவன் கண்ணும் கடிகாரத்துக்குப் போனது. தலையிலிருந்த தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலைமுடியை மூடிய வலையோடு எங்கள் பக்கத்திலேயே நின்றான். நான்கு நிமிடம். இருநூற்று நாற்பது தட்டு. பிறகு மார்வெல்லா கையுறையை மாட்டினாள், நாங்களும் மாட்டினோம்.

சில வாரம் கழித்துப் புகார்கள் வந்தன. நெப்ராஸ்காவில் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாராம், உள்ளே வெறும் தட்டுதான் இருந்ததாம், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதியிருந்தார். கம்பெனி அவருக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டு அனுப்பியது. எங்களுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. ட்வேனைக் குளிர்க் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று மூன்றரைக்கு வேலை முடிந்ததும் குன்றுக்குப் போனேன். மண் தள்ளி முடித்துவிட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டக்காரர் மண்வாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யார் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"பாதிரியாரு. தூக்கறதுக்குக் கடை ஆளுங்க நாலு பேரு. அப்புறம் உங்க ஆலைலேருந்து ஒரு சின்னப் பொண்ணு. அந்த வளையத்தை வச்சு, ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிருச்சு." மண்மேட்டின்மேல் பெரிய மலர்வளையம் இருந்தது. பட்டையில், 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.'

"நீங்க சொந்தமாம்மா?"

நேற்றுத்தான் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "அவ என் இடது பக்கத்துல நின்னவ" என்றேன்.

"அப்ப அந்தப் பக்கமாப் போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மண்வாரியை எடுத்துக்கொண்டு போனார்.

மண்மேடு என் இடது பக்கம் வரும்படி போய் நின்றேன். "லேட்டா வந்துட்டேன்டி. அரைப் புள்ளி போட்டுக்கோ" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. ஐந்து நாளாக அழ இடமில்லாமல் வைத்திருந்த அழுகை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று பார்த்தால் நான் கார் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, வேலையும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஏழு நிமிடம் ஆகியிருந்தது, ஆலையில் கழிப்பறைக்குக் கொடுக்கும் அதே ஏழு நிமிடம்.

அங்கேயே நடுவழியில் நின்று கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். திரும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.